நாணய 'வெரைட்டி': திரிபு வேண்டாம், பேதம் என்போமா?

நண்பர்களே,

நாணயச் சேகரிப்பில் வழங்கும் 'வெரைட்டி' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில், இதுவரை வகை, திரிபு, மாறுபாடு என மூன்று சொற்கள் வந்துள்ளன. 'வகை'யை 'டைப்'புக்கு விட்டுவிடுவோம். ஒரே நாடு, ஒரே மதிப்பு, ஒரே வடிவமைப்பு என்றால் ஒரே வகை. அந்த வகைக்குள், சில சமயம் ஒரே ஆண்டுக்குள்ளேயே, தென்படும் சிறு வேறுபாட்டுக்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம்.

'திரிபு' எனக்கு உறுத்துகிறது. தாத்தா விட்டுப்போன பல நாட்டுக் காசுகளைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் "இது திரிபு" என்று சொல்லிப் பாருங்கள். கெட்டுப்போனது, அல்லது போலி என்றுதான் அவர் காதில் விழும். சிலர் உடனே அதைத் தேய்த்துக் கழுவியும் விடுவார்கள், அத்தோடு அதன் மதிப்பும் போய்விடும். 'மாறுபாடு' தவறில்லை, ஆனால் தேய்மானமும் கீறலும்கூட மாறுபாடுதானே.

சுவடிப் பதிப்பில் 'பாடபேதம்' என்கிறோம். ஒரே பாட்டு, ஏட்டுக்கு ஏடு ஒரு சொல் மாறியிருக்கும். அதைக் குறை என்று தள்ளாமல் அடிக்குறிப்பில் பதிந்து வைக்கிறோம். நாணயத்திலும் நடப்பது இதுதான். எனவே என் பரிந்துரை 'அச்சுபேதம்'. அச்சு என்றால் காசின் மேல் உருவத்தைப் பதிக்கும் 'டை'. வேறுபாடு அந்த அச்சிலேயே இருப்பதால், அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது திரும்பத் திரும்ப வரும். அடிக்கும்போது ஒரு காசு மட்டும் நழுவிக் கோணலானால் அது அடிப்பிழை. இந்தக் கோட்டைச் சொல்லே போட்டுக்காட்ட வேண்டும் என்பதுதான் என் கவலை.

அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட்டுகளில் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். அவற்றை அடித்த அச்சை, மூலக் கருவியை அதில் அழுத்திச் செய்தபோது, முதல் அழுத்தத்துக்கும் அடுத்த அழுத்தத்துக்கும் இடையில் நிலை சற்றுத் திரும்பிவிட்டது. அதனால் ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரியும், வெறுங்கண்ணுக்கே. காசு ஒரு முறைதான் அடிக்கப்பட்டது, இரட்டித்தது அச்சு. ஆகவே இதை 'இரட்டை அடி' என்று எழுதக்கூடாது. 'இரட்டித்த அச்சு' என்றால் பொருள் நேராக வருகிறது.

இதோடு குழம்புகிற இன்னொன்றும் உண்டு. அடித்த கணத்தில் அச்சு லேசாக ஆடினால் எழுத்தின் ஓரம் நசுங்கி, தட்டையான படிபோல் ஒதுங்கும், எழுத்தும் மெலிந்துவிடும். இரட்டித்த அச்சில் எழுத்து மெலியாது. இரண்டாவது கோடும் முதலாவதைப் போலவே உருண்டு மேடாக நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் தெரியும். 'அச்சாட்டம்' என்று ஒரு சொல் கைவசம் இருந்தால் எத்தனையோ பேர் வீண் ஆசையில் ஏமாற மாட்டார்கள்.

சரி, எல்லாமே அச்சில்தான் வருமா? வராது. 1982 சென்ட்டில் ஆண்டின் எழுத்தளவு பெரிது, சிறிது என இரண்டு உண்டு. அது அச்சுபேதம். ஆனால் அதே ஆண்டில் உலோகமும் மாறியது. செம்புக் கலவைக் காசு 3.11 கிராம், துத்தநாகத்தின்மேல் செம்பு பூசியது 2.5 கிராம். இதைக் கண்டுபிடிக்க லென்ஸ் உதவாது, தராசுதான் வேண்டும். எனவே 'நாணயபேதம்' பொதுச்சொல்லாக இருக்கட்டும். அதன் கீழ் அச்சுபேதம், உலோகபேதம் என்று பிரிப்போம்.

பிரிட்டனின் 1983 இரண்டு பென்ஸ் காசு சிலவற்றில் 'டூ பென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் பழைய 'நியூ பென்ஸ்' வந்துவிட்டது. பழைய அச்சு தெரியாமல் சேர்ந்ததால் நேர்ந்தது, அப்படிப் பார்த்தால் பிழைதான். ஆனாலும் ஒன்றுபோல் பல காசுகளில் வந்திருப்பதால் இதையும் அச்சுபேதத்தில்தான் சேர்ப்பேன்.

'பேதம்' வடசொல் என்பவர்களுக்கு: 'அச்சு வேற்றுமை' என்று வைத்தால் இலக்கணத்தின் வேற்றுமை வந்து குறுக்கே நிற்கிறது. 'அச்சு வேறுபாடு' என்றால் எனக்கு மறுப்பில்லை, கொஞ்சம் நீளம் அவ்வளவுதான்.

அப்புறம், அச்சை உருவாக்கும் மூலக் கருவியான 'ஹப்'புக்கு 'தாயச்சு' என்று எழுதிவருகிறேன். வேறு துறையில் இதே சொல் வேறு பொருளில் வழங்கினால் தெரிவியுங்கள், மாற்றிவிடலாம்.