ஆலயச் செயலாளர் தாமே ஹூகோ தளத்தில் அறிவிப்பு எழுத வழி உண்டா?

வினா (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் தோட்டத்து ஆலயத்திற்கு, உரைக் கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களைக் கட்டித்தரும் மென்பொருளான ஹூகோவில் ஓர் அகப்பக்கம் அமைத்து, கிட்ஹப்பின் இணையதளச் சேவையான கிட்ஹப் பேஜஸில் கட்டணமின்றி வைத்திருக்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள், திருவிழா நாளையும் உபயக்காரர் பட்டியலையும் பூசை நேரத்தையும் அதில்தான் பார்க்கின்றன. சிறு மாற்றமானாலும் செயலாளர் ஐயா புலனத்தில் (வாட்ஸ்அப்) எனக்கு அனுப்ப, நான் வேலை முடிந்து வந்து மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு உரைக் கோப்பாக்கி ஏற்ற வேண்டியுள்ளது. அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். செல்லினம் என்னும் தமிழ் விசைப்பலகைச் செயலியில் பிழையின்றி எழுதுவார். கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வேர்ட்பிரஸுக்கு மாறினால் சர்வர், பிளக்-இன், பாதுகாப்பு எல்லாம் என் தலையில் விழும். தளத்தை இப்படியே வைத்துக்கொண்டு அவரையே எழுதச் செய்ய முடியுமா?

மறுமொழி (ஈப்போ):
முடியும். 2023இல் பெயர் மாறிய பழைய நெட்லிஃபை சி.எம்.எஸ்., இப்போதைய டெகாப் சி.எம்.எஸ்., இதற்கென்றே உள்ள உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். ஸ்டாட்டிக் கோப்புறைக்குள் அட்மின் என்னும் உட்கோப்புறை அமைத்து, ஒரு பக்கத்தையும் ஓர் அமைப்புக் கோப்பையும் வைத்தால், செயலாளருக்குத் தலைப்பு, நாள், செய்தி, படம் என்று ஒரு படிவம் கிடைக்கும். அவர் சேமித்ததும் அதுவே மார்க்டவுன் கோப்பை எழுதிக் கிட்ஹப்பில் உங்கள் தளக் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில் சேர்த்துவிடும். கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் தளத்தை மீண்டும் கட்டிவிடும்.

சிரமம் உள்நுழைவில்தான். கிட்ஹப்பின் இரகசியச் சாவியை உலாவியில் வைக்க முடியாது என்பதால், அதைக் காக்கும் சிறிய இடைநிலைச் சேவை ஒன்றை நீங்கள் சிறு நிரல்களை இணையத்தில் இயக்கும் கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸ் போன்ற ஓரிடத்தில் நிறுவ வேண்டும். செயலாளருக்கும் எழுதும் உரிமையுள்ள கிட்ஹப் கணக்கு தேவை. டெகாப்பில் எடிட்டோரியல் ஒர்க்ஃபுளோவை இயக்கி வையுங்கள்: அவர் எழுதுவது தனிக் கிளையில் புல் ரிக்வெஸ்டாக, அதாவது சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கையாக, நிற்கும், வெளியிடு என்று அழுத்தும்வரை தளம் மாறாது. கைதவறி எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் இருக்கும்வரை எவரும் மனம் விட்டு எழுதமாட்டார்கள். ஆகவே இதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

கோப்புப் பெயரைத் தமிழ்த் தலைப்பிலிருந்து உருவாக்க விடாதீர்கள். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். முகவரியில் அது 9 எழுத்தாக விரியும். புலனத்தில் பகிரும்போது அறிவிப்பைவிட முகவரியே நீண்டுவிடும். நாளையும் நேரத்தையும் பெயராக வையுங்கள்.

மறுமொழி (கூலிம்):
நேர மண்டலத்தையும் கவனியுங்கள். மண்டலம் குறிக்கப்படாத நேரத்தை ஹூகோ இயல்பாக உலகப் பொது நேரமான யூடிசியாகக் கொள்ளும். நம் மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னே இருக்கிறது. எதிர்கால நாளுள்ள பக்கத்தை அது வெளியிடாது என்பதால், காலை 10 மணி என்று குறித்த அறிவிப்பு மாலை 6 மணிக்கு முன் கட்டப்படும் தளத்தில் தோன்றாது, பிழைச் செய்தியும் வராது. செயலாளரோ தாம் ஏதோ தவறு செய்ததாக எண்ணி மறுபடியும் எழுதுவார். அமைப்புக் கோப்பில் டைம்ஸோனை ஏசியா/கோலாலம்பூர் என்று குறித்துவிட்டால் இது தீரும்.

மறுமொழி (பீடோர்):
உபயக்காரர் பட்டியலுக்கும் பூசை நேரத்திற்கும் படிவம் தேவையில்லை என்பது என் கருத்து. அவற்றைக் கூகுள் ஷீட்ஸில் எழுதி சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாக வெளியிட்டால், தளம் கட்டப்படும்போது ஹூகோ அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் அட்டவணை மாறியது கிட்ஹப்புக்குத் தெரியாது. தினமும் ஒருமுறை கட்டும்படி கால அட்டவணை வைக்க வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் அந்தக் கால அட்டவணை தானாக நின்றுவிடும். அவ்வாறு வெளியிட்ட அட்டவணையை யாரும் படிக்கலாம் என்பதால், உபயக்காரர்களின் தொலைபேசி எண்களை அதில் எழுதவே கூடாது.

வினா எழுப்பியவர்:
மூவருக்கும் நன்றி. அறிவிப்புகளுக்கு டெகாப், பட்டியலுக்கு ஷீட்ஸ் என்று பிரித்துக்கொள்கிறேன். தொலைபேசி எண்கள் இப்போதுள்ள பட்டியலிலேயே இருக்கின்றன. அவற்றை இன்றிரவே நீக்குகிறேன். வெளியிடும் பொறுப்பு தொடக்கத்தில் என்னிடம் இருக்கட்டும்; செயலாளர் ஐயாவுக்குக் கை பழகியதும் அவரிடமே ஒப்படைக்கிறேன்.