நீளம் மாறுபடும் அச்சு வேலைகளுக்கு அட்டவணைப் பலகையை எப்படி அமைப்பது?

கேள்வி: அச்சக உரிமையாளர், தருமபுரி

தருமபுரியில் சிறிய ஆஃப்செட் அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். நான்கு வண்ண இயந்திரம் ஒன்றும் ஒற்றை வண்ண இயந்திரம் ஒன்றும் உள்ளன; வேலை நேரம் காலை 9 முதல் இரவு 7 வரை. இதுவரை சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் மணிக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு வேலையாக எழுதி வந்தோம். ஆண்டின் பெரும்பகுதிக்கு அது போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கான டின் லேபிள்களும் முகூர்த்தப் பத்திரிகைகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது பலகை குலைந்துவிடுகிறது. 300 பத்திரிகைகள் அரை மணி நேரத்தில் முடியும். 4 லட்சம் லேபிள்கள் ஒரு நாளையே விழுங்கிவிடும். பலகையிலோ இரண்டும் ஒரே அளவில் தெரிகின்றன. சென்ற வைகாசியில் ஒரு பெண் வீட்டாருக்குப் பத்திரிகையை மூன்று நாள் தாமதமாகக் கொடுக்க நேர்ந்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இப்போது தொலைக்காட்சித் திரையில் அட்டவணையைக் காட்ட என் மகன் முயன்று வருகிறான். ஒரு வாரத்தைக் காட்டினால் பத்திரிகை வேலைகள் தீக்குச்சி போல் மெலிந்து, பெயரைப் படிக்க முடிவதில்லை. ஒரு நாளை மட்டும் காட்டினால், அடுத்த நாள் வரவிருக்கும் பெரிய வேலை கண்ணில் படுவதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: உற்பத்தித் திட்டமிடல் பணியிலிருப்பவர், ஓசூர்

ஐயா, தங்கள் மகன் எதிர்கொள்வது கணக்கிலேயே உள்ள சிக்கல். திரையின் அகலம் 1,920 புள்ளிகள் (பிக்சல்) என்று கொள்வோம். ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் மொத்தம் 60 மணி நேரம். மணிக்குக் கிடைப்பது 32 புள்ளிகள், அரை மணி வேலைக்கு 16 புள்ளிகள். அதில் இரண்டு எழுத்துகளுக்கு மேல் எழுத இடமில்லை. ஒரு நாளை மட்டும் காட்டினால் அதே வேலைக்கு 96 புள்ளிகள் கிடைக்கும். ஒரு பெயரை எழுதலாம்.

ஆயினும் அகலத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன், திரையில் ஒவ்வொரு வேலையையும் காட்டும் பட்டையின் நீளம் எதைக் குறிக்கிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதைப் பிரதிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது பிழை. 300 பத்திரிகைகளை அச்சிட ஐந்து நிமிடம்கூட ஆகாது; பிளேட் மாற்றி, மை சரிசெய்து, முதல் நல்ல ஷீட்டை எடுப்பதற்குத்தான் இருபது நிமிடம் போகிறது. எனவே ஒவ்வொரு பட்டையையும் தயாரிப்பு நேரம், ஓட்ட நேரம் என்று இரண்டு நிறங்களாகப் பிரித்துக் காட்டுங்கள். அத்துடன், ஒரே வேலையின் நீளம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு ஷீட்டில் 8 லேபிள்கள் என்றால் 40,000 லேபிள்களுக்கு 5,000 ஷீட்கள். மணிக்கு 5,000 ஷீட் வேகத்தில் நான்கு வண்ண இயந்திரத்தில் ஒரு மணி நேர ஓட்டத்தில் முடிவது, ஒற்றை வண்ண இயந்திரத்தில் நான்கு முறை ஓடி, நான்கு முறை தயாரிப்பும் சேர்ந்து, ஆறு மணி நேரமாகிவிடும். பட்டையை ஓர் இயந்திரத்தின் வரிசையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தினால் அதன் நீளமும் தானே மாற வேண்டும்.

பதில் 2: மென்பொருள் எழுதுபவர், கிருஷ்ணகிரி

மேலே சொன்னதை ஏற்கிறேன். அகலச் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. திரையின் இடது பாதியை இன்றைய நாளுக்கு ஒதுக்கி, வலது பாதியில் மீதமுள்ள ஐந்து நாள்களைச் சுருக்கிக் காட்டலாம். தொலைவில் உள்ள வேலைகளுக்கு நிமிடத் துல்லியம் தேவைப்படுவதில்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற மெஷின்மேன், காவேரிப்பட்டினம்

முப்பது ஆண்டுகள் இயந்திரத்தின் முன் நின்றவன் என்ற முறையில் இந்த யோசனையை ஏற்க என்னால் முடியவில்லை. ஒரே வரிசையில் இடப்பக்கம் ஒரு சாண் என்றால் ஐந்து மணி நேரம், வலப்பக்கம் ஒரு சாண் என்றால் இரண்டரை நாள் என்று வைத்தால், ஷீட் அடுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கும் பையனின் கண் ஏமாந்துபோகும். ஒரு வரிசைக்கு ஓர் அளவுதான் இருக்க வேண்டும். இன்றைய நாளை மேலே பெரிதாகவும், வாரத்தைக் கீழே தனிப் பட்டையாகவும் வைத்தால் குழப்பம் வராது.

வாரப் பட்டையில் சிறு வேலைகளைத் தனித்தனியாகக் காட்டவே வேண்டாம். ஒற்றை வண்ணத்தில் நாங்கள் மையைப் பார்த்துத்தான் வேலைகளை அடுக்குவோம். மெரூன் பத்திரிகைகள் ஆறு இருந்தால் ஆறையும் ஒரே கட்டாக ஓட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போவோம். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது எளிது. கறுப்பு ஓடிய உருளைகளை இரண்டு முறை வாஷ் செய்தாலும் அடுத்து வரும் மஞ்சளில் பச்சைச் சாயல் எட்டிப்பார்க்கும். ஆகவே வாரப் பட்டையில் ‘மெரூன் கட்டு, 6 வேலை’ என்று ஒரே பட்டையாகப் போடுங்கள். இன்றைய வரிசைக்கு வரும்போது அது ஆறாகப் பிரியட்டும்.

திரை வாங்கும் முன் காகிதத்தில் செய்து பாருங்கள் என்பதும் என் வேண்டுகோள். மணிக்கு 3 செ.மீ. என்று அட்டைத் துண்டுகள் வெட்டினால் ஆறு நாளுக்கு 180 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஆறு அடிப் பலகை போதும். கட்டிங் மெஷின் நம்மிடமே இருக்கிறது.

பதில் 4: மீண்டும் ஓசூரிலிருந்து

காகிதத் துண்டு யோசனைக்கு நீண்ட மரபு உண்டு. வேலைகளை நேரத்துக்கேற்ற நீளமுள்ள பட்டைகளாகக் காட்டும், இன்று கான்ட் வரைபடம் என்று அழைக்கப்படும் அட்டவணையை ஹென்றி கான்ட் 1910களில் பரவலாக்கினார். அவருக்கு முன்பே, 1896இல், போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி நகர்த்தக்கூடிய காகிதத் துண்டுகளைக் கொண்டே இத்தகைய அட்டவணையை உருவாக்கியிருந்தார்.

வரிசை முறை குறித்து ஒன்று சொல்ல வேண்டும். பத்து மணி நேர வேலை ஒன்றும் அரை மணி வேலைகள் இரண்டும் உள்ளன என்று கொள்ளுங்கள். பெரியதை முதலில் ஓட்டினால் முடியும் நேரங்கள் 10, 10.5, 11 மணி. சிறியவற்றை முதலில் ஓட்டினால் 0.5, 1, 11. பெரிய வேலைக்கு ஒரு மணி நேரம்தான் தள்ளிப்போகிறது, மற்ற இருவரோ காலையிலேயே வாங்கிச் சென்றுவிடுகிறார்கள். குறுகிய வேலைக்கு முதலிடம் தந்தால் சராசரிக் காத்திருப்பு குறையும் என்பது 1950களிலேயே நிறுவப்பட்ட விதி. ஆனால் முகூர்த்த காலத்தில் சிறு வேலைகள் நாள்தோறும் வந்துகொண்டே இருக்குமாதலால், இந்த விதியை அப்படியே பின்பற்றினால் லேபிள் வேலை தொடங்கவே தொடங்காது. அதற்காக ஒவ்வொரு பெரிய வேலைக்கும் ‘இதற்கு மேல் தள்ள முடியாது’ என்ற சிவப்புக் கோட்டை வரையுங்கள்.

கணக்கு இவ்வாறு: 4 லட்சம் லேபிள்களை வெள்ளி மாலை 5 மணிக்குக் கொடுக்க வேண்டும். கட்டிங்குக்கு நான்கு மணி நேரம். மை காய ஆறு மணி நேரம். அது இரவிலும் காயும் என்பதால், வியாழன் இரவு 7 மணிக்கு அச்சு முடிந்தால் போதும். தயாரிப்பும் ஓட்டமும் 11 மணி நேரம் என்றால் புதன் மாலை 6 மணிதான் கடைசித் தொடக்கம். காயும் நேரத்தை மெல்லிய புள்ளிக்கோடாகக் காட்டுங்கள். அது வேலைக்கு உரிய நேரமே தவிர, இயந்திரத்துக்கு உரியதன்று.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரமாக ஆறு அடி அட்டைப் பலகையில் செய்து பார்த்தோம். மேலே இன்று, கீழே வாரம் என்ற அமைப்பு எங்கள் மெஷின்மேனுக்கு உடனே பிடித்துவிட்டது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் சாம்பல் நிற அட்டையை முன்கூட்டியே செருகிவிட்டதால், சிவப்புக் கோடும் ஒரு நாள் முன்னே நகர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. புரூஃப் (மாதிரி அச்சு) பார்த்து ஒப்புதல் தராத வாடிக்கையாளரின் வேலையை எந்த இடத்தில் வைப்பது?

பதில் 5: காவேரிப்பட்டினம்

அதை இயந்திர வரிசையில் வைக்கவே கூடாது, ஐயா. பலகையின் ஓரத்தில் தனிப் பை ஒன்றைத் தைத்து, அட்டையின் மேல் முனையில் ஒப்புதல் வந்தாக வேண்டிய கடைசி நாளையும் மணியையும் எழுதி அதில் செருகி வையுங்கள். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அந்தப் பையில் உள்ளவர்களுக்கு முதலில் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.