டிரிகர் பிளேடு கிரப் ஸ்க்ரூ வழுக்குகிறது, கழற்ற வழி சொல்லுங்கள் (அவசரம்)

பீளமேட்டான்:
நண்பர்களே, ரைஃபிளில் டிரிகர் பிளேடை (விரல் வைத்து இழுக்கும் தகடு) பிடித்திருக்கும், தலையில்லாத குட்டி கிரப் ஸ்க்ரூ வரமாட்டேன் என்கிறது. எல்லன் கீ (அறுகோணச் சாவி) உள்ளேயே சுற்றுகிறது, ஸ்க்ரூவின் குழி மழுங்கிவிட்டது. டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க விட்டும் அசையவில்லை. ஞாயிறு மேட்ச். என்ன செய்யலாம்?

லேத்துக்காரர்:
என்ன ரைஃபிள்? எத்தனை மி.மீ. கீ போட்டீர்கள்? பிளேடு அலுமினியமா, இரும்பா?

பத்து மீட்டர்:
ஏர் ரைஃபிள்தானே? காற்று சிலிண்டரை முதலில் கழற்றி வையுங்கள். 200 பார் அழுத்தக் காற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாதீர்கள். குழலில் பெல்லட் இல்லை என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சேலம் மெக்:
இது லாக்டைட், ஸ்க்ரூ மரையில் போடும் பசை, சந்தேகமே வேண்டாம். கேஸ் டார்ச்சில் ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள், வெண்ணெய் மாதிரி வரும்.

பத்து மீட்டர்:
டிரிகர் மேல் டார்ச்சா? அங்கே இருக்கிற ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தலைமுடி கனம். சூட்டில் அதன் விறைப்பு போய்விட்டால் டிரிகரே போச்சு. தயவுசெய்து வேண்டாம்.

சேலம் மெக்:
பைக் எஞ்சினில் இப்படி எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.

பத்து மீட்டர்:
இது பைக் இல்லையே.

பழைய கை:
இங்கே வருகிற பாதிப் பேருக்கு அங்குலம் எது, மி.மீ. எது என்றே தெரிவதில்லை. கையில் கிடைத்த கீயைச் செருகித் திருகினால் குழி மழுங்கத்தான் செய்யும். ஸ்க்ரூவை அளக்காமல் ரைஃபிளில் கை வைக்கக்கூடாது என்று எத்தனை இழையில் எழுதுவது?

பீளமேட்டான்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்தான், சிலிண்டரைக் கழற்றிவிட்டேன். பிளேடு மட்டும் தனியாக வாங்கியது, அலுமினியம். சித்தப்பா பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தான். போட்டது 1.5 மி.மீ. கீ.

லேத்துக்காரர்:
அமெரிக்கா என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. பெரும்பாலும் 6-32 (அமெரிக்க அங்குல மரை அளவு) கிரப்பாக இருக்கும். அதற்கு 1/16 அங்குலக் கீ, அதாவது 1.59 மி.மீ. உங்கள் கீ அதில் ஆடும், மூலைகளைத் தின்றுவிடும். பழைய கை சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் கொஞ்சம் காரம்.

கிண்டி ஷூட்டர்:
டபிள்யூடி-40க்குப் பதில் அசிட்டோனும் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து விடுங்கள். டபிள்யூடி என்பதே ஈரத்தை விரட்டுவது என்றுதான் அர்த்தம். 1953இல் நாற்பதாவது முயற்சியில் வந்த கலவை, அதனால் 40. துரு இளக்கும் எண்ணெயாக அது பிறக்கவே இல்லை.

சேலம் மெக்:
எதற்காகப் பிறந்தால் என்ன? என் பட்டறையில் துருப்பிடித்த போல்ட்டை அதுதான் இளக்குகிறது.

பத்து மீட்டர்:
அசிட்டோன் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குக்கு (காற்றுக் கசிவை அடைக்கும் வளையம்) ஆகாது, ரைஃபிள் கட்டையின் பெயிண்டையும் உரித்துவிடும். அதோடு இங்கே துருவே இல்லை, பசை. எண்ணெயால் பசை இளகாது.

கிண்டி ஷூட்டர்:
ஒரு துளிதான் சொன்னேன், குளிப்பாட்டச் சொல்லவில்லை.

லேத்துக்காரர்:
எண்ணெய்ச் சண்டை அப்புறம் இருக்கட்டும். பீளமேட்டான், முதலில் ஊசியால் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அடியில் பழைய பசைத் தூள் இருந்தால் கீ முழு ஆழம் இறங்காது. அடுத்து சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவின் மேலேயே இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். சூடு பெரும்பாலும் ஸ்க்ரூவைச் சுற்றியே நிற்கும், டார்ச் மாதிரி ஸ்பிரிங் பக்கம் பரவாது. சூடு ஆறும் முன் புது 1/16 கீ போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் டி7 டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவ) பிட்டை மெல்லத் தட்டி இறக்குங்கள். அதன் முனைகள் மழுங்கிய சுவரில் புதிதாகப் பல் பதிக்கும். தட்டும்போது பிளேடுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள், அடி சியர் (டிரிகர் இழுக்கும்வரை பிடித்து நிறுத்தும் கொக்கி) மேல் இறங்கக்கூடாது. திருகும்போது பிட்டை அழுத்தியே பிடியுங்கள்.

அதுவும் தோற்றால் 2 மி.மீ. இடது சுற்று டிரில் பிட். பாதி துளைக்கும்போதே பல நேரம் ஸ்க்ரூ தானாகத் திரும்பி வந்துவிடும். அதைக் கை டிரில்லில் செய்யாதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய கை:
டி7க்கு முன்னால் கீயின் நுனியை 2 மி.மீ. தேய்த்து எடுத்தாலே புது மூலை கிடைக்கும். அதையும் சொல்லுங்கள்.

பத்து மீட்டர்:
பீளமேட்டான், என்ன ஆயிற்று?

பத்து மீட்டர்:
இருக்கிறீர்களா?

பீளமேட்டான்:
வந்துவிட்டது. அயர்ன் வைத்ததும் லேசாகப் பசை வாசம் வந்தது, டி7 போட்டேன், 'டக்' என்று விட்டது. மரையில் நீலப் பசை. 1/16 கீ கணபதியில் கிடைத்தது. லேத்துக்காரர் அண்ணா, நன்றி.