கமான் மலுவாச்: ஒன்பதாவது தேர்வை இவருக்குச் செலவழிக்கலாமா?

(2025 ஜூனில் நடந்த என்பிஏ டிராஃப்டுக்கு முன் மூன்று ரசிகர்கள் நடத்திய விவாதம்.)

ஸ்கார்பரோ சேயோன்:
வரும் ஜூன் 25ஆம் தேதி நடக்கவிருக்கும் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எங்கள் டொராண்டோ ராப்டர்ஸ் அணியிடம் 9ஆவது தேர்வு இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) கமான் மலுவாச் அதுவரை எவர் கையிலும் சிக்காமல் இருந்தால், யோசிக்காமல் அவரை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தென் சூடானில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்த இவர் கூடைப்பந்தைக் கையில் எடுத்ததே 2019இல்தான். அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 17 வயதில், பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்காக ஆடினார். டிராஃப்டுக்கு முன் சிகாகோவில் எடுத்த அளவுப்படி, காலணி இல்லாமல் உயரம் 7 அடி முக்கால் அங்குலம். நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் எட்டுவது 9 அடி 6 அங்குலம். வளையம் இருப்பது 10 அடியில். குதிகால் தரையை விட்டு எழும்பாமலே அரை அடி மட்டும் குறையும் ஒருவரைப் பயிற்சியால் உருவாக்க முடியாது. மற்றவற்றை உருவாக்க முடியும்.

நெல்லை நடுக்களம்:
அளவு நாடாவை வைத்து ஆளை எடை போட்டவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. 2009இல் மெம்ஃபிஸ் அணி 2ஆவது தேர்வில் தான்சானியாவின் ஹஷீம் தபீட்டை எடுத்தது. 7 அடி 3 அங்குலம் உயரம். கல்லூரியின் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு நான்குக்கு மேல் பிளாக் (எதிரியின் வீச்சைத் தட்டித் தடுப்பது). முதல் பருவம் முடிவதற்குள்ளேயே அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவருக்கு அடுத்த இடத்தில் போனவர் ஜேம்ஸ் ஹார்டன், 7ஆம் இடத்தில் ஸ்டீஃபன் கரி. அந்தத் தபீட் கல்லூரியில் காட்டியதைக்கூட மலுவாச் காட்டவில்லை என்பதுதான் என் கவலை. ஆட்டத்துக்கு ஏறத்தாழ 21 நிமிடம் ஆடி 1.3 பிளாக் மட்டுமே. இதே டியூக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சென்டர் டெரெக் லைவ்லி கிட்டத்தட்ட அதே நிமிடங்களில் 2.4 பிளாக் செய்தார். அவரே 12ஆம் இடத்தில்தான் போனார். அதில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே தேறியவருக்கு மூன்று இடம் முன்னே போய் இலை போட வேண்டுமா?

ஸ்கார்பரோ சேயோன்:
ஒப்பீடு சரியான இடத்தில் தொடங்கித் தவறான இடத்தில் முடிகிறது, நண்பரே. தபீட் டிராஃப்டுக்கு வரும்போது அவருக்கு 22 வயது, மூன்று ஆண்டு கல்லூரி ஆட்டம் முடிந்திருந்தது. மலுவாச்சுக்கு 18 வயது, ஒரே ஆண்டு. பிளாக் எண்ணிக்கைக்கும் காரணம் உண்டு. இந்த ஆண்டு டியூக் அணி ஸ்கிரீன் வைக்கப்படும் (எதிரணி ஆள் ஒருவர் காப்பவரின் வழியை மறித்து நிற்கும்) போதெல்லாம் ஆள் மாற்றிக் காத்தது; அதனால் மலுவாச் பல நேரம் வளையத்தை விட்டு இருபது, இருபத்தைந்து அடி தள்ளி வந்து வேகமான, உயரம் குறைந்த கார்டுகளின் எதிரே நிற்க வேண்டியிருந்தது. கோயில் வாசலில் நிற்க வேண்டிய யானையைத் தெருமுனைக் காவலுக்கு அனுப்பிவிட்டு, வாசலில் எத்தனை பேரைத் தடுத்தது என்று கணக்குக் கேட்பது நியாயமாகாது. அத்தனை உயரத்தோடு வெளியே வந்தும் கால் பின்னிக்கொள்ளாமல் பக்கவாட்டில் நகர்ந்தாரே, அதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

பழைய சென்டர்:
இருவருமே பிளாக்கைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். நான் மாவட்ட அளவில் ஆடியவன். உயரமாக இருக்கிறான் என்பதற்காகவே பதினாறு வயதில் களத்துக்கு இழுத்து வரப்பட்டவன் என்பதால், தாமதமாகத் தொடங்கும் சென்டரிடம் எது கடைசி வரை வராது என்று கொஞ்சம் தெரியும். முதலில் கை. பாஸ் வரும்போது பந்து விரலில் பதியும் முன்பே என் கண் வளையத்துக்குப் போய்விடும். பந்து உள்ளங்கையில் பட்டுக் கோட்டைத் தாண்டி ஓடும். இதைத் திருத்தப் பயிற்சியாளர் இரண்டு ஆண்டு சுவரில் பந்தை அடிக்க வைத்தும் பாதிதான் திருந்தியது. மலுவாச்சிடம் அந்தக் குறை இல்லை. ஓடிவரும்போது தலைக்கு மேலே வீசும் பந்தை இரு கையாலும் பிடித்து அப்படியே வளையத்தில் திணிக்கிறார். எடுத்த வீச்சுகளில் 71 விழுக்காடு உள்ளே போனது சும்மா இல்லை. பெரும்பாலும் டங்க்தான் என்பது உண்மை; ஆனால் பிடித்தால்தானே டங்க்.

இரண்டாவது விஷயம் ஃப்ரீ த்ரோ, எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தடையற்ற வீச்சு. அதில் 76 விழுக்காட்டுக்கு மேல். என்பிஏ சென்டர் டிஆண்ட்ரே ஜோர்டான் கல்லூரியில் 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2008 டிராஃப்டில் 35ஆம் இடம் வரை சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். பிறகு அவர் இரண்டு பருவங்களில் லீகிலேயே அதிக ரீபவுண்ட் (உள்ளே போகாத வீச்சில் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார் என்றாலும், ஃப்ரீ த்ரோ கடைசி வரை அவரை விட்டபாடில்லை. ஆறே ஆண்டு ஆடிய பையனின் மணிக்கட்டு இவ்வளவு மென்மையாகப் பந்தை விடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் மூன்றாவது ஒன்று உண்டு, அதில் சேயோனுக்குப் பதில் இருக்காது. ஏப்ரல் 5ஆம் தேதி சான் அன்டோனியோவில் நடந்த கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் டியூக் 70-67 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தில் மலுவாச் 21 நிமிடம் களத்தில் இருந்தும் ஒரு ரீபவுண்ட்கூட எடுக்கவில்லை.

நெல்லை நடுக்களம்:
நான் சொல்லவந்ததைப் பழைய சென்டரே சொல்லிவிட்டார். ஹூஸ்டன் முன்களத்தில் ஏழடி ஆள் எவருமே இல்லை. இடுப்பைத் தாழ்த்தி, முதுகால் முட்டி, பந்து விழும் இடத்திலிருந்து அவரை வளையத்துக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அங்கே நின்றால் எத்தனை நீளக் கை இருந்தும் பயனில்லை. என்பிஏயில் ஒவ்வோர் இரவும் அப்படி முட்டுவார்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆட்டத்துக்கு அரை அசிஸ்ட்தான் (கூடை விழ உதவும் பாஸ்). தன்னிடம் வந்த பந்தை அடுத்தவருக்குக் கொடுக்கத் தெரியாத சென்டரைச் சுற்றி இன்று எந்த அணியும் தாக்குதல் அமைப்பதில்லை. இதே டிராஃப்டுக்கு வரும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சென்டர் டெரிக் குவீனைப் பாருங்கள். உயரம் குறைவுதான், தாவலும் இல்லை, ஆனால் 16.5 புள்ளி, 9 ரீபவுண்ட், மார்ச்சில் கொலராடோ ஸ்டேட்டுக்கு எதிராகக் கடைசி நொடியில் வென்றுகொடுத்த கூடை. ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரை விட்டுவிட்டு ஆட்டத்தைக் கற்கப்போகிறவரை எடுப்பது எனக்குப் புரியவில்லை.

ஸ்கார்பரோ சேயோன்:
ஹூஸ்டன் ஆட்டத்துக்குச் சப்பைக்கட்டுக் கட்டமாட்டேன். நேற்றிரவு அதை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். வீச்சு எழும்பியதும் அவர் முழங்காலை நிமிர்த்திப் பந்தையே பார்க்கிறார். யாரைத் தடுக்க வேண்டும் என்று தேடுவதில்லை. இது உடம்பில் உள்ள குறையா, பழக்கத்தில் உள்ள குறையா என்பதில்தான் நாம் பிரிகிறோம். பருவம் முழுவதும் 21 நிமிடத்தில் சராசரி 6.6 ரீபவுண்ட் எடுத்தவருக்கு அது பழக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

குவீனைப் பற்றி: தாக்குதலில் அவர் கெட்டிக்காரர், மறுப்பதற்கில்லை. வளையத்தைக் காக்க அவருக்குப் பின்னால் இன்னொருவரை நிறுத்த வேண்டுமே, அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

எங்கள் அணிக்கு அவசரமும் இல்லை. சென்ற பருவம் 30 வெற்றி, 52 தோல்வி. சென்டர் யாகோப் போல்ட்டுக்கு 29 வயது. இன்னும் சில ஆண்டு தாங்குவார். அவரையும் 2016இல் இதே 9ஆம் இடத்தில்தான் எடுத்தோம். முதல் இரண்டு ஆண்டும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர், நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனர்டைக் கொண்டுவரக் கொடுத்த விலையின் ஒரு பகுதியாகச் சான் அன்டோனியோவுக்குப் போய், அங்கே முழு சென்டராகி, 2023இல் திரும்பி வந்தார். இந்த முறை பழுக்கும்வரை வீட்டிலேயே வைத்திருக்கலாமே.

பழைய சென்டர்:
போல்ட் பின்னால் இரண்டு ஆண்டு உட்காரவைப்பீர்கள் என்றால் நானும் சேயோன் பக்கம். 2013இல் 27ஆம் இடத்தில் போன சென்டர் ரூடி கோபேர் முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 2.3 புள்ளிதான் எடுத்தார். பிறகு நான்கு முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது. ஆனால் முதல் நவம்பரிலேயே களத்தில் இறக்கி, மூன்று தவறுக்கு வெளியே இழுத்து, ரசிகர்கள் கூச்சலிட்டால், பையன் வீச்சு எழும்பும்போதெல்லாம் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவான். நான் அப்படித்தான் கெட்டேன்.

நெல்லை நடுக்களம்:
30 வெற்றி எடுத்து, பிப்ரவரியில் பிராண்டன் இங்க்ரம் என்ற தேர்ந்த ஆட்டக்காரரைக் கொண்டுவந்த அணி இரண்டு ஆண்டு பொறுக்கும் என்று நீங்கள் இருவரும் நம்புகிறீர்கள்; எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 9ஆம் இடத்தில் என் வாக்கு குவீனுக்கே. 14ஆம் இடத்தில் மலுவாச் இருந்தால் வாய் திறக்கமாட்டேன்.

ஸ்கார்பரோ சேயோன்:
14 வரை எங்கே இருக்கப்போகிறார்? நாங்கள் விட்டால் 10ஆவது தேர்வு ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கையில். அவர்களிடம் ஷெங்கூன், ஸ்டீவன் ஆடம்ஸ் என்று இரண்டு சென்டர்கள் இருக்கிறார்கள். உட்காரவைத்து வளர்க்க அவர்களுக்கு எங்களைவிட அதிக நேரம் இருக்கிறது.