யானை எடுத்துக்கொண்டு போன சிப்ஸ்

நடக்காததை நடந்ததாகச் சத்தியம் செய்கிற ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் பங்குக்கு என் தம்பி. எங்களுக்குச் செங்கோட்டை. 2010-இல் அகலப்பாதைக்காக நிறுத்தும்வரை புனலூருக்கு மீட்டர்கேஜ் வண்டி ஓடியது, கொல்லத்து அத்தை வீட்டுக்கு அதில்தான் போய்வருவோம். ஒருமுறை திரும்பும்போது பதிமூன்று கண் பாலம் பக்கம் வண்டி சும்மா நின்றது; எதிர்ச்சரிவில் ஒரு யானை மூங்கிலை ஒடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

தம்பி சொல்வது வேறு. யானை தண்டவாளத்துக்கே வந்ததாம், ஜன்னல் வழியாகத் தும்பிக்கையை விட்டு அம்மா மடியில் இருந்த நேந்திரங்காய் சிப்ஸைப் பொட்டலத்தோடு உருவியதாம், நுனி ஈரமாக இவன் கையில் பட்டதாம், ஒரு தந்தம் பாதி ஒடிந்திருந்ததாம். இத்தனைக்கும் அந்தத் தடவை அவன் வரவே இல்லை, அம்மை போட்டு வாசுதேவநல்லூர் ஆச்சி வீட்டில் கிடந்தான். அதைச் சொன்னால், "நீ தூங்கிட்டிருந்தேண்ணே, அதான் பாக்கல" என்கிறான்!

எல்லாம் தாத்தா வேலை. சோறு ஊட்டும்போதெல்லாம் அந்த யானையை இழுத்துவைத்து நீட்டி முழக்குவார். கேட்டது படமாக மனசில் தங்கிவிடுகிறது, யார் சொன்னது என்பது உதிர்ந்துவிடுகிறது. 1995-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் செய்து பார்த்தார்கள்: 24 பேரிடம், சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக வீட்டார் சொன்னார்கள் என்று ஒரு பொய்க்கதை, சுமார் கால்வாசிப் பேர் ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். 2002-இல் கிம்பர்லி வேட் குழு, பலூனில் பறப்பதுபோல ஒட்டுவேலை செய்த சிறுவயதுப் போட்டோவை 20 பேரிடம் காட்டியபோது பாதிப் பேருக்குக் கொஞ்சமாவது 'நினைவு' வந்தது.

என்னை அசத்தியது 2001-இல் வந்த இத்தாலி ஆய்வு. பேய் பிடித்தவரைச் சிறுவயதில் பார்த்திருக்கவே மாட்டோம் என்ற மாணவர்களிடம், அது நம் ஊரில் சகஜம் என்கிற கட்டுரைகளைக் கொடுத்து, அவர்களுடைய பயங்களே அதற்கு அடையாளம் என்றும் சொல்லிவிட, சிலர் பார்த்திருப்போமோ என்று ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஞாபகமே வரவேண்டாம், நடக்கக்கூடியதுதான் என்று தோன்றினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த ரயில் பாதையில் காட்டுக்குள் இருக்கிற ஆரியங்காவுப் பக்கம் யானை வருவதில் என்ன அதிசயம்?

போன ஓணத்துக்கு அத்தை வீட்டில் மறுபடி இந்தப் பேச்சு. அம்மா சொல்கிறாள், "ஆமா, ஒத்தைக் கொம்பன்லா அது." தந்தம் ஒடிந்ததை அவனைத் தவிர யாருமே சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், அப்புறம் என்ன ஆச்சு என்று அவனிடமே கேட்கிறாள்.