மாலை நேர ‘லைட் தெரபி’க்குத் தமிழில் என்ன சொல்?

அனுப்பியவர்: செ.
பொருள்: ‘லைட் தெரபி’ – மன அழுத்தத் தூக்கமின்மைக்கு, மாலையில்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மன அழுத்தத்தால் தூக்கம் கெட்டவர்களுக்கு மாலையில் விளக்கொளி தரும் ‘லைட் தெரபி’யை, நோயாளர் கையேடு ஒன்றின் வரைவில் ‘ஒளிச்சிகிச்சை’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் இந்த இடத்துக்கு ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

நம் மருத்துவமனைகளில் அதற்கு ஏற்கெனவே இரண்டு பொருள் உண்டு. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு 460 முதல் 490 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள நீல விளக்கின்கீழ்க் கிடத்துவது ஒன்று. சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைத் தோலில் பாய்ச்சுவது மற்றொன்று. இரண்டிலும் ஒளி வேலை செய்வது தோலில். கண்ணை மறைத்துக் காப்பது கட்டாயம். தூக்கத்துக்கான ஒளியோ விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பயன். தோலில் பட்டு ஒன்றும் ஆகாது. பழைய பொருளிலேயே படித்தவர் கண்ணை மூடிக்கொண்டு விளக்கின்முன் உட்காரலாம். அதைவிட மோசம், தோல் சிகிச்சைக்கான புற ஊதா விளக்கை வாங்கித் திறந்த கண்ணோடு முன்னால் அமரலாம்.

ஆகவே கண் என்பது சொல்லிலேயே வர வேண்டும். ‘கண்ணொளி’ என்றால் பார்வை என்று பொருள்படும், அது வேண்டாம். ‘விழியொளிச் சிகிச்சை’ என்று முன்மொழிகிறேன். மாலையில் தருவதற்கு ‘மாலை விழியொளிச் சிகிச்சை’. கருத்துச் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: நா.
மறு: ‘லைட் தெரபி’ – மன அழுத்தத் தூக்கமின்மைக்கு, மாலையில்

செ. அவர்களுக்கு வணக்கம். ‘விழியொளி’ பொருந்துகிறது, ஏற்கிறேன். ஆனால் மாலையில் செய்வதை ஒரே சொல்லில் அடைக்க முடியாது. அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்று வெளிச்சத்தைக் கூட்டுவது, மற்றது குறைப்பது. மாற்றிச் செய்தால் தூக்கம் இன்னும் கெடும்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்திரையில் பார்வைக்கான கோல், கூம்பு செல்கள் போக, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட நரம்புக்கணு செல்களும் தாமாகவே ஒளியை உணர்கின்றன. 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் இதைக் காட்டினார்கள். 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு இவை மிகக் கூர்மையாகத் துலங்கும். இவற்றின் செய்தி மூளையிலுள்ள உடற்கடிகாரத்துக்குப் போகிறது. உடல் வெப்பம் மிகவும் இறங்கும் நேரம் ஒன்று உண்டு. வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் அது வரும். அதற்கு முன்பு கண்ணில் படும் ஒளி கடிகாரத்தைப் பிந்தச் செய்கிறது. அதற்குப் பின்பு படுவது முந்தச் செய்கிறது. கடிகாரத்தின் இந்த நகர்வைச் சொல்லும் ‘ஃபேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் ‘கட்டம்’ என்று மொழிபெயர்ப்பதைவிடப் ‘பொழுது பிந்தல்’, ‘பொழுது முந்தல்’ என்றே வைத்துக்கொள்வோம், பாட்டிக்கும் புரியும்.

இப்போது நோயாளியிடம் வருவோம். மனக்கவலையால் தூக்கம் கெட்டவர்களில் ஒரு சாரார் படுத்தும் தூக்கம் வராமல் பன்னிரண்டு, ஒரு மணி வரை புரள்கிறவர்கள். இவர்களுக்கு மாலையில் பளிச்சென்ற ஒளி தரவே கூடாது. கடிகாரம் இன்னும் பிந்தும். ஒளி நேரடியாகவே விழிப்பைக் கூட்டும். வேண்டியது வெளிச்சக் குறைப்பு. இன்னொரு சாரார் எட்டரை மணிக்கே கண் சொருகித் தூங்கிவிட்டு, மூன்று மணிக்கு விழித்து விடியும்வரை யோசித்துக்கொண்டு கிடப்பவர்கள். சிறுபொழுதுக் கணக்கில் வைகறை என்பது இரவு 2 முதல் 6 வரை. இதற்கு ‘வைகறை விழிப்பு’ என்ற சொல் அப்படியே அமைகிறது. இவர்களுக்குத்தான் மாலையில் ஒளி. அடிலெய்டு நகரின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் லியோன் லாக், ஹெலன் ரைட் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், வைகறை விழிப்பு உள்ளவர்களுக்கு இரண்டு இரவுகள், 8 மணி முதல் 12 மணி வரை, 2,500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) ஒளி கொடுத்து விழிப்பு நேரத்தைப் பின்தள்ளினார்கள்.

அளவு மீறியும் எழுதிவிடக் கூடாது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2015 வழிகாட்டியில் மாலை ஒளியைப் பரிந்துரைத்தது பொழுது முந்திய உறக்கக் கோளாற்றுக்கு, அதாவது கடிகாரம் முந்திப்போய்ச் சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் விழிப்பதற்கு. அதுவும் வலுக்குறைந்த பரிந்துரையாக. எட்டு மணிக்குத் தூக்கம் சொக்காமல், பதினொன்றுக்குப் படுத்துக் கவலையால் மட்டுமே மூன்றுக்கு விழிப்பவருக்கு விளக்கு பெரிதாக உதவாது. அவருக்கு முதல் மருந்து, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை.

ஆக என் முன்மொழிவு: கூட்டுவது ‘ஒளியூட்டல்’, குறைப்பது ‘ஒளித்தணிப்பு’.

அனுப்பியவர்: தா.
மறு: மறு: ‘லைட் தெரபி’ – மன அழுத்தத் தூக்கமின்மைக்கு, மாலையில்

வணக்கம். இலங்கையிலிருந்து இரண்டு குறிப்புகள்.

‘மன அழுத்தம்’ என்பதைத் தயவுசெய்து மாற்றுங்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அது ஒருநாள் ஸ்ட்ரெஸ், மறுநாள் டிப்ரஷன். மனச்சோர்வுக்கு ஒளி கொடுக்கும் நேரம் பெரும்பாலும் காலை. 10,000 லக்ஸ், 30 நிமிடம் என்பது அங்கே வழக்கமான அளவு. மனச்சோர்வு உள்ளவர் இந்தக் கையேட்டை எடுத்து இரவு எட்டு மணிக்கு விளக்கின்முன் இருந்தால் நேரமே தவறிப்போகும். இங்கே உளநலப் பணியில் ‘நெருக்கீடு’ என்ற சொல் வழக்கில் உண்டு. ‘நெருக்கீட்டுத் தூக்கமின்மை’ என்று எழுதலாம். நாங்கள் நித்திரை என்போம். ஆனாலும் ‘தூக்கமின்மை’ இரு கரையிலும் விளங்கும்.

அடுத்தது ‘மாலை’. நா. அவர்கள் சிறுபொழுதுக் கணக்கைச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் மாலை 6 முதல் 10 வரை, அது சரியாகவே பொருந்துகிறது. ஆனால் இன்று வாசிக்கிற ஆள் மாலை என்றால் நாலரை, ஐந்து மணியை நினைக்கிறார். நாங்கள் பின்னேரம் என்பது அதைத்தான். ‘மாலை ஒளி’ என்று படித்தால் மொட்டைமாடி வெயில்தான் நினைவுக்கு வரும். வேண்டிய நேரமோ பொழுது சாய்ந்தபின் 7 முதல் 9 வரை. ‘முன்னிரவு’ என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது: முன்னிரவு ஒளியூட்டல், முன்னிரவு ஒளித்தணிப்பு.

அனுப்பியவர்: இரா.
மறு: மறு: மறு: லக்ஸ் பற்றி

‘முன்னிரவு’க்கு என் முழு ஆதரவு. விளக்கு அமைப்புத் துறையிலிருந்து, கையேட்டில் சொல்லோடு சேர வேண்டிய எண்களைத் தருகிறேன். எண் இல்லாமல் ‘ஒளியூட்டல்’ என்றால் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று நினைப்பார்கள். கூடத்தில் ஒரு டியூப் லைட் கண்ணுக்குத் தருவது 100, 150 லக்ஸ். ஒளியூட்டலுக்கு வேண்டியது 2,500 லக்ஸில் இரண்டு மணி நேரம், அல்லது 10,000 லக்ஸில் அரை மணி நேரம்.

பெட்டியில் 10,000 லக்ஸ் என்று அச்சிட்டிருந்தால், எத்தனை சென்டிமீட்டரில் என்று பார்க்க வேண்டும். 30 சென்டிமீட்டரில் 10,000 தரும் சிறிய பலகை, 60 சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட கால்பங்குதான் தரும். பலகை பெரிதானால் இறக்கம் கொஞ்சம் குறைவு. பயன் தெரியவில்லை என்பவர்கள் பலரும் விளக்கை மேசையின் மறுகோடியில் வைத்திருப்பார்கள். லக்ஸ் மீட்டரை மேசைமேல் படுக்க வைத்து அளக்கக் கூடாது. கண் இருக்கும் உயரத்தில், முகம் பார்க்கும் திசையில் நிறுத்தி அளக்க வேண்டும். விளக்கு வெள்ளை எல்இடியாக, ஒளியைப் பரப்பும் மறைப்போடு, புற ஊதா இல்லாததாக இருக்கட்டும். கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் படிக்கலாம், சாப்பிடலாம். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிட வேண்டும்.

ஒளித்தணிப்பில் நடக்கும் தவறு வேறு. மஞ்சள் சாயலுள்ள ‘வார்ம்’ பல்பு மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். உடற்கடிகாரம் உணரும் வெளிச்சத்துக்கு உலக ஒளியியல் ஆணையம் 2018இல் தனி அளவு வகுத்தது. அதை ‘நிகர்ப்பகல் லக்ஸ்’ எனலாமா? 2022இல் வெளியான வல்லுநர் பரிந்துரை, இந்த அளவில் பகலில் குறைந்தது 250, படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் 10க்கு மேல் போகாமல், உறங்கும்போது 1க்கு மேல் போகாமல் என்கிறது. வெள்ளொளியின் நிறத்தைக் கெல்வினில் குறிப்பார்கள்: எண் கூடினால் நீலச் சாயல், குறைந்தால் மஞ்சள் சாயல். 6500 கெல்வின் டியூப் லைட் கண்ணில் 150 லக்ஸ் தந்தால் நிகர்ப்பகல் லக்ஸ் சுமார் 135. அதே 150ஐ 2700 கெல்வின் பல்பு தந்தாலும் 65 பக்கம் நிற்கும். நிறத்தோடு அளவும் இறங்க வேண்டும்: 2700 கெல்வினில் கண்ணுக்கு 20 லக்ஸ். கூரை விளக்கை அணைத்துவிட்டு, கண்மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு விளக்கைச் சுவர்பார்க்க வைத்தால் அந்த அளவு வரும். விடிவிளக்கு வாங்கும்போது நீலம், பச்சை வேண்டாம். சிவப்பு அல்லது ஆரஞ்சு. இத்தனையும் செய்துவிட்டுக் குளியலறையின் வெள்ளை டியூப் லைட்டின்கீழ் நின்று பல் துலக்கினால், அந்தச் சில நிமிடத் தணிப்பு வீணாகிறது. அங்கேயும் ஒரு சிறு பல்பு போடுங்கள்.

அனுப்பியவர்: நா.
மறு: மறு: மறு: மறு: லக்ஸ் பற்றி

இரா. அவர்களுக்கு நன்றி. ஒன்று சேர்க்கிறேன். வைகறை விழிப்புக்கு ஒளியூட்டல் எடுப்பவர், விழித்ததும் போனைப் பார்த்தாலோ விளக்கைப் போட்டாலோ, முன்னிரவில் பின்தள்ளியதை வைகறையில் முன்னே இழுத்துவிடுகிறார். அவருடைய உடல் வெப்பத் தாழ்வு நேரம் அப்போது கடந்துபோயிருக்கும். விழித்தாலும் இருட்டிலேயே கிடக்க வேண்டும். விடிந்ததும் நடைக்குப் போகும் பழக்கம் இருந்தால் முதல் இரண்டு வாரம் எட்டு மணிக்குமேல் தள்ளிவையுங்கள்; முடியாவிட்டால் கறுப்புக் கண்ணாடி. ஒளித்தணிப்பு எடுப்பவருக்கோ அந்தக் காலை வெயில்தான் மருந்து. அதற்கு விளக்கே வாங்க வேண்டாம். நம் ஊரில் மேகமூட்ட நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

தலைவலி, கண் கூசல், படபடப்பு வந்தால் முதலில் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும், பிறகு நிமிடத்தைக் குறைக்க வேண்டும். இருமுனை மனநிலைக் கோளாறு, சர்க்கரையால் வந்த விழித்திரைப் பாதிப்பு, டாக்சிசைக்ளின், அமியோடரோன், குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகள், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் ஒளியூட்டல் தொடங்கக் கூடாது. இது கையேட்டின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் வர வேண்டும்.

அனுப்பியவர்: செ.
மறு: முடிவு வரைவு

எல்லோருக்கும் நன்றி. பொதுச்சொல்லாக ‘விழியொளிச் சிகிச்சை’யை வைத்துக்கொண்டு, கையேட்டில் இப்படி எழுதுகிறேன்:

முன்னிரவு ஒளியூட்டல்: வைகறை விழிப்பு உள்ளவரின் பொழுதைப் பிந்தச் செய்ய, இரவு 7 முதல் 9 மணிக்குள் திறந்த கண்ணுக்குத் தரும் செறிந்த வெள்ளை ஒளி.

முன்னிரவு ஒளித்தணிப்பு: படுத்தும் தூக்கம் வராதவருக்கு, படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் வீட்டு வெளிச்சத்தைக் குறைத்து நிறம் மாற்றுவது.

‘நெருக்கீடு’ தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிது. முதல் இடத்தில் மட்டும் ‘நெருக்கீடு, அதாவது ஸ்ட்ரெஸ்’ என்று விளக்கிவிடுகிறேன். ‘நிகர்ப்பகல் லக்ஸ்’ பற்றி இயற்பியல் ஆசிரியர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை கையேட்டில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘2700 கெல்வின் பல்பு, கண்ணுக்கு 20 லக்ஸ்’ என்பதை மட்டும் எழுதுகிறேன்.