புதுப்பிப்பு: 1898 ரூபிள் நாணயம் அசல்தான் என்று நம்புகிறேன்

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் காலத்து ஒரு ரூபிள் வெள்ளி நாணயத்தைக் காட்டி, விளிம்பில் நாணயச்சாலை அதிகாரியின் முதலெழுத்துகள் இல்லையே, போலியா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். காந்தம் ஒட்டாததை வைத்து மகிழாதே, செம்பிலும் ஒட்டாது என்று எச்சரித்தவர்களுக்கு நன்றி.

நகைக்கடைத் தராசில் 19.87 கிராம் நின்றது. இருக்க வேண்டியது 20. தேய்மானத்தைக் கழித்தால் சரிதான். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டபோது 1.93 கிராம் குறைந்தது. எடையை அந்தக் குறைவால் வகுத்தால் அடர்த்தி 10.3. 90 சதவீத வெள்ளிக்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஆனால் நல்ல வெள்ளியிலும் போலி அடிப்பார்கள். அதனால் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எழுத்துகள் உள்ளே குழிந்து, கூர்மையாக இருக்கின்றன: 'சுத்த வெள்ளி 4 சொலோத்னிக் 21 தோல்யா'. அந்தப் பழைய ரஷ்ய எடை ஏறக்குறைய 18 கிராம், அதாவது 20இல் 90 சதவீதம்! வாசகம் முடியுமிடத்தில், அழுக்கு அடைந்திருந்த பள்ளத்தில், சின்னஞ்சிறு நட்சத்திரம் ஒன்று. ரஷ்யாவுக்காகப் பாரிஸ் நாணயச்சாலையில் அடித்த ரூபிள்களுக்கு முதலெழுத்துகளுக்குப் பதிலாக இந்த அடையாளம்தான். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தேய்த்துப் பளபளப்பாக்கச் சொன்னவர்கள் மன்னிக்க வேண்டும். காலப்போக்கில் வெள்ளியில் படிந்த அந்தக் கருமையை நான் தொடப்போவதில்லை.